பிசினைப் பந்துல வைங்க, விரல்ல தேடாதீங்க

2021 ஜூன் 22. டெக்சாஸ்ல ராத்திரி மேட்ச். ஓக்லாந்து அணியோட செர்ஜியோ ரோமோ பந்து வீசி முடிச்சுட்டு டக்-அவுட் பக்கம் நடந்து வர்றார். அம்பயர் சோதனைக்கு நிறுத்துறார். மனுஷனுக்கு எங்கிருந்து வந்துச்சோ கோபம். கிளவுஸைத் தூக்கிப் போட்டார், தொப்பியைப் போட்டார், பெல்ட்டைக் கழட்டினார், கடைசியில பேன்ட்டையே கீழ இறக்கிக் காட்டிட்டார்.

அதே நாள் ஃபிலடெல்ஃபியாவுல இன்னொரு கூத்து. வாஷிங்டன் அணியோட மேக்ஸ் ஷெர்சரை ஒரே மேட்ச்ல மூணாவது தடவையா சோதிக்கச் சொல்லி எதிரணி மேனேஜர் ஜோ ஜிரார்டி கேட்க, ஷெர்சர் முறைச்ச முறைப்பு இருக்கே... அந்த இன்னிங்ஸ் முடிஞ்சப்புறமும் வாய்த்தகராறு தொடர்ந்து, கடைசியில ஜிரார்டியைத்தான் வெளியே அனுப்பினாங்க.

கோடிக்கணக்குல சம்பளம் வாங்குற ஆளுங்களை நடு மைதானத்துல நிறுத்தி எதைத் தேடுறாங்க? போதை மருந்தா? இல்லைங்க. விரல்ல பிசுபிசுப்பு இருக்கான்னு பாக்குறாங்க. அவ்வளவுதான்.

நம்ம பதிவுலகத்துல கிரிக்கெட்டுக்கு இருக்குற கூட்டம் பேஸ்பாலுக்குக் கிடையாதுன்னு தெரியும். ஆனா இது வெறும் பேஸ்பால் சண்டை இல்லை. ஒரு விதியை யாரும் மதிக்காம நூறு வருஷம் விட்டுட்டு, திடீர்னு ஒரு நாள் முழிச்சுக்கிட்டா என்ன ஆகும்ங்கிற கதை. அதுல என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடுறேன். பிடிப்பைப் பந்துலயே வைங்க. அளந்து வைங்க, எல்லாருக்கும் ஒரே அளவா வைங்க, எல்லாருக்கும் தெரியுற மாதிரி வைங்க. அதைச் செய்யாம விரலை மட்டும் தடவிப் பாத்து ஆளைப் பிடிக்கிறது நியாயமில்லை.

சரி, மேட்டருக்கு வருவோம். பந்துலேர்ந்து ஆரம்பிப்போம்.

பேஸ்பால் பந்தோட எடை 142-லேர்ந்து 149 கிராம். நம்ம கிரிக்கெட் பந்தை விடக் கொஞ்சம் லேசு, ஒரு சுத்து பெருசு. நடுவுல தக்கையும் ரப்பரும், அது மேல கம்பளி நூல் சுத்தி, அதுக்கு மேல வெள்ளை மாட்டுத்தோல். 108 ஜோடித் தையல், சிவப்பு நூல்ல. மெஷின் கிடையாது, கையால தைக்கிறாங்க. மேஜர் லீக்குக்கான பந்தை 1977-லேர்ந்து ராலிங்ஸ் கம்பெனிதான் குடுக்குது. கோஸ்டா ரிக்கா நாட்டுல துரியால்பாங்கிற ஊர்ல தயாராகுது. 2018-ல மேஜர் லீக் அமைப்பே இன்னொரு முதலீட்டு நிறுவனத்தோட சேர்ந்து ராலிங்ஸை வாங்கிடுச்சு. இந்த விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

இந்தப் பந்து பெட்டியிலேர்ந்து எடுக்கும்போது வழுக்கும். பதப்படுத்தின வெள்ளைத் தோல், மேல ஒரு பளபளப்பு. கிரிக்கெட்டுல புதுப் பந்து வழுக்கினாலும் பத்து ஓவர்ல பழசாயிடும், ஸ்பின்னருக்குப் பிடி கிடைச்சிடும். பேஸ்பால்ல அந்தப் பேச்சே கிடையாது. பந்து தரையில பட்டு அழுக்கானா உடனே மாத்திடுவாங்க, கேலரிக்குப் போனா அது ரசிகனுக்குச் சொந்தம். ஒரு மேட்ச்சுக்கு நூறு பந்துக்கு மேல போகும். ஆக, பிட்சர் கையில எப்பவுமே புதுப் பந்துதான். வெயிலோ குளிரோ, வறண்ட ஊரோ ஈரமான ஊரோ, அந்தப் பந்தை மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்துல, 18.44 மீட்டர் தள்ளி நிக்கிற ஆளோட நெஞ்சுக்குப் பக்கத்துல போடணும். பிட்ச் ஆகி எழும்புற சமாச்சாரம் எல்லாம் இல்லை, நேரா வரும். பேட்டருக்குக் கிடைக்கிற நேரம் 0.4 செகண்டு. கை வழுக்கினா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்படி அடிக்கடி பந்தை மாத்துற பழக்கம் எப்படி வந்துச்சுன்னு பாத்தா, அதுவும் ஒரு சாவுலேர்ந்து வந்ததுதான். 1920 ஆகஸ்ட் 16. நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ். யாங்கீஸ் அணியோட கார்ல் மேஸ் போட்ட பந்து கிளீவ்லாந்து அணியோட ரே சாப்மன் தலையில பட்டுது. மறுநாள் விடியறதுக்குள்ள அவர் செத்துப் போனார். மேஜர் லீக் மேட்ச்ல பந்து பட்டு உயிர் போன ஒரே ஆள் அவர்தான். அந்தக் காலத்துல ஒரே பந்தை மண்ணும் புகையிலைச் சாறும் ஏறிக் கறுத்துப் போற வரைக்கும் ஓட்டுவாங்க. சாப்மன் சாவுக்கப்புறம் பளிச்சுனு தெரியுற பந்தா வெச்சுக்கணும்னு கண்டிப்பு வந்துச்சு. பேட்டர் கண்ணுக்கு நல்லது. பிட்சர் விரலுக்கு? வழுக்கல் ஆரம்பம்.

அந்த வழுக்கலுக்கு லீக் கண்டுபிடிச்ச மருந்து என்ன தெரியுமா? சேறு. காமெடி பண்ணலைங்க. 1938-ல லீனா பிளாக்பர்ன்ங்கிற பயிற்சியாளர், நியூஜெர்சி பக்கம் டெலவேர் ஆத்தோட கிளை ஒண்ணுல ஒரு வழவழ சேத்தைக் கண்டுபிடிச்சார். தடவினா பந்தோட பளபளப்பு போகும், ஆனா கறுக்காது. 1950கள்லேர்ந்து எல்லா மேஜர் லீக் அணியும் அதைத்தான் தடவுது. எந்த இடத்துல அள்றாங்கங்கிறது இன்னிக்கு வரைக்கும் ரகசியம். 2024-ல பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து ஆளுங்க அந்தச் சேத்தை சோதனைக் கூடத்துல வெச்சு ஆராய்ஞ்சு ஒரு கட்டுரை போட்டாங்க. முகத்துக்குப் பூசுற க்ரீம் மாதிரி சீராப் பரவுதாம், காய்ஞ்சப்புறம் உப்புத்தாள் மாதிரிப் பிடிக்குதாம். பொடி களிமண் தோலோட குழிகளை நிரப்ப, நடுநடுவுல இருக்குற மணல் பிடி குடுக்குதாம். ஆத்துக்குள்ளேயே ஆண்டவன் கலந்து வெச்ச ஃபார்முலா!

சேறு நல்ல சேறுதான். தடவுற கைதான் பிரச்சனை. விதிப் புத்தகத்துல பந்தோட எடைக்கு எண் இருக்கு, சுற்றளவுக்கு எண் இருக்கு. பிடிப்புக்கு எண் கிடையாது. பளபளப்பு போற அளவுக்குத் தேய்ச்சிருக்கணும்னு மட்டும்தான் இருக்கு. 30 மைதானம், 30 ஆளுங்க, 30 கைப்பக்குவம். 2022-ல மேஜர் லீக் இதை ஒழுங்குபடுத்தப் பாத்துச்சு. மேட்ச் அன்னிக்கே தடவணும், ஒரு மேட்ச்சுக்கான பந்தை எல்லாம் 3 மணி நேரத்துக்குள்ள முடிக்கணும், ஒவ்வொரு பந்தையும் குறைஞ்சது 30 செகண்டு தேய்க்கணும்னு சுற்றறிக்கை விட்டாங்க. பந்து காஞ்சு போகாம இருக்க எல்லா மைதானத்துலயும் ஈரப்பதம் காக்குற அறை வேணும்னும் அதே வருஷம் கட்டாயமாக்கினாங்க. ஏன்? அந்த சீசன் தொடக்கத்துல நியூயார்க் மெட்ஸ் ஆளுங்க மேல பந்து பட்டுக்கிட்டே இருந்துச்சு, பீட் அலோன்சோவுக்குத் தலையில பட்டுது. அவங்க அணி பிட்சர் கிறிஸ் பாசிட் வெளிப்படையாவே லீக்கைத் திட்டினார். பந்து ஒண்ணுக்கொண்ணு ஒரே மாதிரி இல்லைங்கிறதுதான் அவர் புகார். எதிரணியைத் திட்டலைங்கிறதைக் கவனிங்க. பந்தைத் திட்டினார்.

இப்போ பிட்சர்கள் பக்கம் வருவோம். அவங்க ஒண்ணும் உத்தமபுத்திரர்கள் இல்லை.

எச்சில் தொட்டுப் போடுற 'ஸ்பிட்பால்' 1920-ல தடை. அதை நம்பியே பொழைச்சவங்கன்னு 17 பேருக்கு மட்டும் ரிட்டையர் ஆகுற வரைக்கும் சலுகை குடுத்தாங்க. அதுல கடைசி ஆள் பர்லி கிரைம்ஸ், 1934-ல போனார். தடைக்கப்புறம் வந்தவர்தான் கேலார்ட் பெர்ரி. எச்சிலும் வாஸலினும் தடவினதை விளையாடிக்கிட்டிருக்கும்போதே 1974-ல புத்தகமாவே போட்டார். முதல் தடவையா இதுக்காக மைதானத்தை விட்டு அனுப்பினது 1982-லதான். 314 ஜெயிப்பு, 1991-ல ஹால் ஆஃப் ஃபேம். கோயில்ல கள்ளன் சிலை வெச்ச மாதிரி :-)

அப்புறம் பைன் தார். பைன் மரத்துலேர்ந்து எடுக்குற கறுப்புப் பிசுக்கு. இதுல ஒரு வேடிக்கை. பேட்டர் தன் மட்டையில கைப்பிடியிலேர்ந்து 18 அங்குலம் வரைக்கும் இதைத் தாராளமாத் தடவிக்கலாம், சட்டப்படி சரி. பிட்சர் விரல்ல இருந்தா குற்றம். பிட்சருக்கு அனுமதிச்சது ரோசின் பை மட்டும். ரோசின்னா வேற ஒண்ணுமில்லை, நம்ம கச்சேரி வயலின் வித்வான் வில்லுல தேய்க்கிறாரே, அதே பைன் பிசின் கட்டிதான். பொடியாக்கித் துணிப்பையில போட்டு மேட்டுல வெச்சிருப்பாங்க. உலர்ந்த விரல்ல அது பெருசா ஒண்ணும் பண்ணாது. வேர்வையோட சேர்ந்தாத்தான் ஒட்டும். குளிர்ல வேர்க்காது. அதனால சன்ஸ்கிரீனோட கலந்தாங்க. ராத்திரி மேட்ச்ல எதுக்குய்யா சன்ஸ்கிரீன்னு யாரும் கேக்கலை.

ஏன் கேக்கலை? எதிரணியில இருக்குற பிட்சரும் அதையேதான் செய்யுறார். பேட்டர்களும் 'பந்து எங்கே போகுதுன்னு அவனுக்குத் தெரிஞ்சா எனக்கும் நல்லதுதானே, மண்டை தப்பும்'னு விட்டுட்டாங்க. 2014-ல யாங்கீஸோட மைக்கேல் பினேடா கழுத்துல அப்பட்டமாப் பைன் தாரை அப்பிக்கிட்டு வந்து மாட்டினார், 10 மேட்ச் தடை. அப்போ கூட எதிரணி ஆளுங்களுக்குக் கோபம் அவர் தடவினதுல இல்லை, இப்படிப் பட்டவர்த்தனமாத் தடவிட்டாரேங்கிறதுலதான். மாமூல் வாங்குறது தப்பில்லை, மேசைக்கு மேல வாங்கினதுதான் தப்புங்கிற கதை.

ஆனா 2015-ல இருந்து ஸ்டாட்காஸ்ட்னு ஒரு கருவி எல்லா மேஜர் லீக் மைதானத்துலயும் வந்துச்சு. ஒவ்வொரு பந்தும் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்துதுன்னு திரையில காட்டிச்சு. அங்கேதான் ஆட்டம் மாறிச்சு.

கொஞ்சம் அறிவியல். வேகப்பந்து போடும்போது விரல் நுனி கடைசித் தருணத்துல பந்தோட பின்பக்கத்தைக் கீழ்நோக்கி இழுத்து விடுது. பந்து பின்பக்கமாச் சுத்திக்கிட்டே போகும். சுத்துற பந்து காத்தைக் கீழ தள்ளுது, காத்து பந்தை மேல தள்ளுது. அதனால புவியீர்ப்பு இழுக்குற அளவுக்குப் பந்து விழாது. பேட்டர் கண்ணுக்கு அது ஏதோ எழும்புற மாதிரித் தெரியும், மட்டை பந்துக்குக் கீழ காத்தை வெட்டும். சராசரி வேகப்பந்து நிமிஷத்துக்கு 2,300 சுத்து. விரலுக்கும் தோலுக்கும் உராய்வு கூடினா அதே கை, அதே வேகத்துல இன்னும் சில நூறு சுத்து கூடும். சும்மா கிடைக்கிற வித்தை!

விடுவாங்களா? ஸ்பைடர் டாக்னு ஒரு பசை வந்துச்சு. பளுத் தூக்குற ராட்சசப் போட்டிகள்ல உருண்டைப் பாறையைத் தூக்குறவங்களுக்காகத் தயாரிச்சது. பாறைக்கு வெச்ச பசையைப் பந்துக்குத் தடவினா எப்படி இருக்கும்? 2021 சீசன்ல மே 19-க்குள்ளயே 6 நோ-ஹிட்டர், அதாவது எதிரணிக்கு ஒரு ஹிட் கூடக் குடுக்காத மேட்ச். அந்த வருஷம் மொத்தம் 9 ஆகி, 1884-ல இருந்த 8-ங்கிற சாதனையை உடைச்சுது. யாங்கீஸோட கெரிட் கோலை 'ஸ்பைடர் டாக் பயன்படுத்தினீங்களா'ன்னு நிருபர்கள் கேட்டப்போ ஆமாம்னும் சொல்லாம இல்லைன்னும் சொல்லாம அவர் தடுமாறினதை அமெரிக்காவே பாத்துச்சு. ஜூன் 21-லேர்ந்து சோதனை ஆரம்பம். மாட்டினா 10 மேட்ச் தடை. சம்பளம் உண்டு, ஆனா அணி அந்த இடத்துல வேற ஆளைச் சேத்துக்க முடியாது. சோதனை வந்ததும் லீக் முழுக்க சுழற்சி சட்டுனு இறங்கிச்சு. எத்தனை பேர் தடவிக்கிட்டிருந்தாங்கங்கிறதுக்கு வேற சாட்சி தேவையில்லை.

இங்கேதான் ரெண்டு கட்சியும் பாதி உண்மை பேசுது. பிட்சர் கட்சி 'பிடிப்புக்காகத்தான் தடவுறோம், பேட்டர் பாதுகாப்புக்காக'ன்னு சொல்லுது. பாறைப் பசை என்ன பாதுகாப்புக்கு? 2021 ஏப்ரல்ல பிரைஸ் ஹார்ப்பருக்கு முகத்துல பட்டுது, மே மாசம் கெவின் பில்லருக்கு மூக்கு எலும்பு பல இடத்துல உடைஞ்சுது. ரெண்டும் சோதனை வர்றதுக்கு முன்னாடி, லீக்கே பிசுபிசுன்னு இருந்த காலத்துல நடந்தது. பசை இருந்தா யார் மண்டையும் உடையாதுன்னு சொல்றவங்க இதுக்குப் பதில் சொல்லணும். லீக் கட்சி 'இது சுத்தமான ஏமாத்து வேலை, விளையாட்டைத் தூய்மைப்படுத்துறோம்'னு சொல்லுது. நூறு வருஷமா நீங்களும் பாத்துக்கிட்டுத்தானேய்யா இருந்தீங்க? வழுக்குற பந்தைக் குடுத்ததும் நீங்கதான், சீசன் நடுவுல பசையைப் பிடுங்கினதும் நீங்கதான்.

டைலர் கிளாஸ்னோ கதை இதுக்கு உதாரணம். டாம்பா பே அணிக்கு அப்போ முதல் வரிசை பிட்சர். தான் தடவினது சன்ஸ்கிரீனும் ரோசினும்தான்னு சொன்னார். சோதனை வரப்போகுதுன்னு தெரிஞ்சதும் ஒரேயடியா நிறுத்தினார், பந்தை முன்ன விட இறுக்கிப் பிடிக்க வேண்டியதாப் போச்சு, முழங்கை தசைநார் கிழிஞ்சுது, ஆகஸ்ட்ல ஆபரேஷன். அதனாலதான் கிழிஞ்சுதான்னு யாராலயும் நிரூபிக்க முடியாது, அவர் அப்படித்தான் நம்பினார். நான் அதை முழுசா ஏத்துக்கலைன்னாலும், 'சீசன் முடிஞ்சு மாத்தியிருக்கலாமே'ன்னு அவர் கேட்ட கேள்வி எனக்கு நியாயமாத்தான் படுது.

சரி, பசை ஒழிஞ்சுதே, அப்புறம் என்ன பிரச்சனை? பிரச்சனை எதை வெச்சு அளக்குறாங்கங்கிறதுல இருக்கு. 2023 ஏப்ரல்ல மெட்ஸ் அணிக்கு ஆடின அதே ஷெர்சர் லாஸ் ஏஞ்சலஸ்ல வெளியேற்றப்பட்டார். வெறும் ரோசினும் வேர்வையும்தான்னு அடிச்சுச் சொன்னார். ரெண்டுமே அனுமதிச்ச பொருள். 10 மேட்ச். 2024 ஜூன்ல எட்வின் டியாஸ். ரோசின், வேர்வை, மண்ணுன்னு சொன்னார். 10 மேட்ச். ரெண்டு பேர் சொன்னதும் உண்மையா பொய்யா? எனக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கு எப்படித் தெரியும்? அம்பயருக்கே எப்படித் தெரியும்? அவர் தன் விரலால அந்த விரலைத் தொட்டுப் பாக்குறார், ஒட்டுது, ரொம்ப ஒட்டுது, போ வெளியே. கருவி இல்லை, எண் இல்லை. வேர்வையும் ரோசினும் சேர்ந்தா ஒட்டத்தானே செய்யும்? அதுக்குத்தானே அந்தப் பையை அங்கே வெச்சீங்க? ஒரு ஆளோட பேருக்கு 'ஏமாத்துக்காரன்'னு முத்திரை குத்துறதுக்கு இன்னொரு ஆளோட உள்ளங்கைதான் தராசுன்னா, அது என்ன நீதி?

நம்ம ஊர்ல கபடியில உடம்புல எண்ணெய் தடவிட்டு வந்தா சேத்துக்க மாட்டாங்க. ஏன்னா அது பிடிக்கிற ஆட்டம், பிடி வழுக்கக் கூடாது. வழுக்கு மரத்துல எண்ணெயை ஆட்டத்தை நடத்துறவங்களே தடவி வெப்பாங்க. ஏன்னா அங்கே வழுக்குறதுதான் ஆட்டம். எது ஆட்டம்னு முதல்ல முடிவு பண்ணிட்டு அதுக்கு ஏத்த மாதிரி தரையைத் தயார் பண்றதுதான் ஊர் வழக்கம். பேஸ்பால்ல வழுக்கு மரத்தை நட்டு வெச்சுட்டு, ஏறுறவன் கையில மண் இருந்தா அபராதம் போடுறாங்க.

மாத்து வழி இல்லையா? இருக்கு. ஜப்பான்ல தினமும் நடக்குது. அங்கே 2011-லேர்ந்து எல்லா அணிக்கும் மிசுனோ கம்பெனி பந்து. வெள்ளிக் காகிதத்துல சுத்தி வரும், பிரிச்சுத் தொட்டா லேசா விரல்ல ஒட்டுற மாதிரி இருக்கும். தோலைப் பதப்படுத்துற விதமே வேற. 2021-ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல இன்னொரு ஜப்பான் கம்பெனி பந்தை வெச்சு ஆடின அமெரிக்க பிட்சர்கள் அதோட பிடிப்பைப் புகழ்ந்தாங்க. உலகக் கோப்பை மாதிரி நடக்குற வேர்ல்டு பேஸ்பால் கிளாசிக்ல அமெரிக்கப் பந்துதான். ஒவ்வொரு தடவையும் ஜப்பான் பிட்சர்களோட முதல் புலம்பல், 'வழுக்குது'. ரெண்டு நாட்டு ஆளும் ஒரே தீர்ப்பு சொன்னா அது புலம்பல் இல்லை, தகவல்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் இருக்கு, மறைக்க மாட்டேன். மேஜர் லீக்கும் பிடிப்பு ஏத்தின பந்தைச் செஞ்சு பாக்காம இல்லை. 2021 கடைசியில டிரிபிள்-ஏ போட்டிகள்ல விட்டுப் பாத்தாங்க. 2023-ல டபுள்-ஏ சதர்ன் லீக்ல சீசன் முதல் பாதி முழுக்க அந்தப் பந்துதான். என்ன ஆச்சு? ஸ்ட்ரைக்-அவுட் எகிறிச்சு. பந்து வளையுற வளைப்பைப் பாத்து பேட்டர்கள் அலறினாங்க. பாதி சீசனோட பழைய பந்துக்கே திரும்பிட்டாங்க. 'பாத்தியா, இது வேலைக்காகாது'ன்னு சொல்றவங்க இதைத்தான் காட்டுவாங்க.

நான் இதை வேற மாதிரிப் படிக்கிறேன். பிடிப்பையும் சுழற்சியையும் பிரிக்க முடியாதுங்கிறதுக்கு அது சான்று, ஒத்துக்குறேன். ஆனா பிடிப்பு ஏறினா ஆட்டம் ஒரு பக்கம் சாயுதுன்னா, இறக்கினா திரும்பும்னுதானே அர்த்தம்? அது ரேடியோவுல இருக்குற வால்யூம் குமிழ் மாதிரி. சதர்ன் லீக்ல குமிழைக் கூடுதலாத் திருப்பிட்டாங்க. அதுக்காக ரேடியோவையே தூக்கிப் போடுவாங்களா? கேரம் போர்டுல பவுடர் அதிகமானா காயின் நிக்காது, கம்மியானா நகராது. அளவு கண்டுபிடிக்கிற வரைக்கும் ரெண்டு ஆட்டம் வீணாப் போகும். போகட்டும். அளவு கிடைச்சப்புறம் யாரும் பவுடரைப் பத்திப் பேச மாட்டாங்க, ஆட்டத்தைப் பத்திப் பேசுவாங்க.

தடை மட்டுமே போதும்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. 2021-ல இறங்கின சுழற்சி 2022-ல மெல்ல மெல்ல ஏற ஆரம்பிச்சுது. சோதனையை இன்னும் கடுமையாக்கணும்னு லீக்கே திரும்பத் திரும்பச் சுற்றறிக்கை விட வேண்டியிருந்துச்சு. போலீஸ் கூடினா திருடனும் புதுசா யோசிப்பான். கள்ளத்தனமா வர்ற பிடிப்புல இன்னொரு அநியாயம், அது ஆளுக்கு ஆள் மாறும். துணிஞ்சவனுக்கு ஒரு பந்து, பயந்தவனுக்கு ஒரு பந்து. பந்துலயே இருந்தா ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்.

நான் கமிஷனரா இருந்தா (கேக்குறவன் யாரு!) செய்யுறது இதுதான்:

ஒண்ணு. பந்தோட பிடிப்புக்கு ஒரு எண். எடை மாதிரி, சுற்றளவு மாதிரி, தோலோட உராய்வுக்கும் இதுலேர்ந்து இது வரைக்கும்னு விதியில எழுதணும். பந்து செய்யுற கம்பெனியே லீக் கையில இருக்கும்போது, ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே, அது முடியாதுங்கிற சாக்கு செல்லாது.

ரெண்டு. குமிழைக் கம்மியிலேர்ந்து மெதுவாத் திருப்பணும். சின்ன லீக்ல ஒரு முழு சீசன், பாதி அணிகளுக்குப் புதுசு, பாதிக்குப் பழசு. பந்து மேல படுறது குறையணும், ஸ்ட்ரைக்-அவுட் ஏறக்கூடாது. எந்த அளவுல ரெண்டும் பொருந்துதோ அங்கே நிறுத்தணும்.

மூணு. அந்தப் பந்து வந்த அன்னிக்கு ரோசின் பையையும் எடுத்துடணும். விரல்ல எதுவுமே கூடாது. அப்போ சோதனைக்கு அர்த்தம் இருக்கும். ஒட்டினா குற்றம், அவ்வளவுதான். 'வேர்வையும் ரோசினும்தான் சாமி'ங்கிற வாதத்துக்கே இடமிருக்காது. ஏமாத்துறவனுக்கு ஒளியுறதுக்கு இடமில்லை, ஏமாத்தாதவனுக்குப் பயமில்லை.

நாலு. எது மாத்தினாலும் முன்கூட்டியே சொல்லணும். இதுல ஜப்பான்கிட்டயே பாடம் இருக்கு. 2011-ல பொதுப் பந்து கொண்டு வந்ததும் ஹோம் ரன் 1,605-லேர்ந்து 939-க்கு விழுந்துச்சு. 2013-ல பந்தைச் சத்தமில்லாம இன்னும் துள்ளுற மாதிரி மாத்தினாங்க. திடீர்னு ஹோம் ரன் பறக்க, ஆளாளுக்குச் சந்தேகப்பட, முதல்ல இல்லவே இல்லைன்னாங்க. ஜூன்ல உண்மை வெளிய வந்துச்சு. அந்த வருஷமே கமிஷனர் கட்டோ ரியோசோ பதவியை விட்டுப் போக வேண்டியதாச்சு. மாத்தினது குத்தமில்லை, மறைச்சதுதான் குத்தம்.

இதெல்லாம் நமக்கெதுக்குன்னு கேக்குற கிரிக்கெட் ரசிகர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 பிப்ரவரியில நாக்பூர் டெஸ்ட்ல ஜடேஜா விரல் வலிக்கு க்ரீம் தடவினார். பந்துல தடவலைன்னு நடுவர்களே ஏத்துக்கிட்டாங்க. ஆனா அம்பயர்கிட்ட கேக்காம தடவினதுக்கு மேட்ச் சம்பளத்துல 25 சதவீதம் அபராதம். கேட்டுட்டுத் தடவியிருந்தா பிரச்சனையே இல்லை, விதி தெளிவா இருந்துச்சு. 2025 ஐ.பி.எல்.ல பனியில பந்து வழுக்குதுன்னு, ராத்திரி மேட்ச் ரெண்டாவது இன்னிங்ஸ்ல 10 ஓவருக்கப்புறம் பந்தை மாத்திக்கலாம்னு விதியே போட்டாங்க. வழுக்குறது பவுலர் குத்தம் இல்லை, அது பந்தோட பிரச்சனை, பந்துலதான் தீர்க்கணும்னு கிரிக்கெட்டுக்குக் கொஞ்சமாவது புரிஞ்சிருக்கு.

பிட்சர்கள்ல திருடன் இருக்கான், இல்லைன்னு சொல்லலை. ஆனா ஒரே சமயத்துல எல்லாரும் ஒரே விதியை மீறுறாங்கன்னா, கோளாறு ஆளுங்ககிட்ட மட்டும் இல்லை. அவங்க கையில என்ன குடுத்தோம்னும் திரும்பிப் பாக்கணும். பந்தைச் சரி பண்ணுங்க. அப்புறம் விரலைத் தாராளமாப் பாருங்க.

டிஸ்கி 1: ஸ்பைடர் டாக் எங்கே கிடைக்கும்னு பின்னூட்டத்துல கேக்கப்படாது.

டிஸ்கி 2: 'சுழற்சி தானே அழகு, பிசின் இருந்தா என்ன தப்பு'ங்கிற கட்சிக்காரங்க நம்ம கூட்டத்துலயே ரெண்டு பேர் உண்டு. வாங்க, கும்மியடிக்கலாம். கையைக் கழுவிட்டு வாங்க :-)